கொத்தமல்லிப் பாத்திக்கு வரும் முந்நிறப் பூனையை விரட்டத்தான் வேண்டுமா?

போபாசேன் ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். மொரிசியசுத் தீவின் போபாசேனில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் 20 அடிக்கு 12 அடி அளவில் ஒரு சிறு தோட்டம் இருக்கிறது. வார நாள்களில் பள்ளியில் தமிழ் கற்பிக்கும் எனக்கு அந்தத் தோட்டத்துக்கென்று கிடைப்பது சனிக்கிழமை ஒன்றுதான். கறிவேப்பிலை மரமும் முருங்கையும் என் மாமியார் வைத்தவை. கொத்தமல்லி, மிளகாய், கத்தரி, தக்காளி ஆகியவற்றை நான் பயிரிடுகிறேன். இந்தத் தீவில் எவரும், தமிழர் அல்லாதவரும்கூட, கொத்தமல்லியைக் "கொத்துமிலி" என்றும் கறிவேப்பிலையைக் "காரிப்பூலே" என்றும் முருங்கைக்கீரையை "ப்ரேத் மூரூம்" என்றும் இங்குள்ள பொதுப் பேச்சுமொழியான கிரியோலில் சொல்லக் கேட்கும்போது, நம் முன்னோர் செடியோடு சொல்லையும் சேர்த்து நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்ற நிறைவு எனக்கு எப்போதும் உண்டாகும்.

ஆறு வாரங்களாக அந்தத் தோட்டத்துக்கு ஒரு பூனை வருகிறது. வெள்ளை, கறுப்பு, செம்மஞ்சள் என மூன்று நிறமும் திட்டுத்திட்டாக உள்ள பூனை. காலை ஆறு மணிக்கு நான் களைக்கொட்டுடன் இறங்கியதும் மதில்மேல் தோன்றும்; வாலை நேராக நிமிர்த்திக்கொண்டு இறங்கி வந்து, என் கணுக்காலில் தலையால் முட்டித் தேய்த்துவிட்டு, கறிவேப்பிலை மரத்தடியில் படுத்துக்கொள்ளும். நான் அடுத்த பாத்திக்குப் போனால் அதுவும் எழுந்து இடம் மாறிப் படுக்கும். யாருடைய பூனை என்று தெரியவில்லை. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. கழுத்தில் பட்டை இல்லை.

சென்ற சனிக்கிழமை நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். விடியற்காலையில் களை எடுத்து, மண்ணைக் கொத்தி, மக்கிய எருவைக் கலந்து, தேய்த்து இரண்டாக்கிய கொத்தமல்லி விதையைத் தூவி நீர் தெளித்துவிட்டு, மெட்ரோ ஏறிக் காத்ர்போர்ன் சந்தைக்குச் சென்றேன். புரட்டாசி விரதம் என்பதால் வாழையிலை, பூசணி, பீர்க்கங்காய், சூசூ எனப்படும் சௌசௌ என்று பை நிறைந்துவிட்டது. பூசைக்கு வெள்ளை லில்லிக் கொத்து ஒன்றும் வாங்கினேன். பிறகு அஞ்சலகத்தில் மின்கட்டணம் செலுத்தினேன். வழியில் இரும்புச் சாமான் கடை ஒன்றில், கூர்ப்பா நத்தைகள் மிளகாய் நாற்றைத் தின்பதைச் சொன்னபோது, நீலநிற நத்தைக்கொல்லி உருண்டைகள் அடங்கிய பெட்டியைக் கொடுத்தார்கள், வாங்கி வந்தேன்.

நண்பகலில் வீடு திரும்பியபோது பூனை வாசல் கதவருகே எனக்காகக் காத்திருந்தது. என் கையிலிருந்த பையை முகர்ந்துகொண்டே பின்னால் வந்தது. தோட்டத்தில் அன்று காலை விதைத்த பாத்தியில் இரண்டு குழிகள் தோண்டப்பட்டிருந்தன; ஒன்றில் மலம் கழித்து மூடியிருந்தது. அன்று மாலை மகனும் மருமகளும் வந்தார்கள். மருமகளுக்கு இது ஐந்தாம் மாதம். பாத்தியைப் பார்த்த மகன், பூனையால் வயிற்றுப் பிள்ளைக்குக் கேடு வரும் என்று மருத்துவமனையில் சொன்னதாகவும், உடனே அதை விரட்டிவிட வேண்டும் என்றும் கூறினான். அந்த நேரம் பார்த்துப் பூனை மருமகளின் காலடியில் வந்து படுக்க, தடவிக் கொடுக்க நீட்டிய கையை அவள் சட்டென்று இழுத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனம் சரியில்லை.

பேரப்பிள்ளைக்கு ஒரு தீங்கும் வரக்கூடாது. அதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை. ஆனால் இந்தப் பூனையை விரட்டினால்தான் பிள்ளைக்குப் பாதுகாப்பு என்பது உண்மைதானா? பாத்தியைத் தோண்டாமல் அதைத் தடுக்க வழி உண்டா? வீட்டில் மீனோ இறைச்சியோ நுழையாத இந்த விரத நாள்களில், தேடி வரும் உயிருக்குத் தயிர்ச்சோறு வைத்தால் போதுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர், ரோஸ்ஹில்:

அம்மா, வணக்கம். இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் உங்கள் முதல் கேள்விக்கு விடை சொல்கிறேன். உங்கள் மகனின் அச்சம் வெறும் வதந்தியால் வந்ததன்று. டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி பூனையின் குடலில்தான் தன் இனப்பெருக்கத்தை நிறைவு செய்கிறது. அதன் முட்டை போன்ற நுண்ணுருக்கள் பூனையின் மலத்தின் வழியே மண்ணில் சேர்கின்றன. கருவுற்ற பெண் ஒருவருக்கு அந்தத் தொற்று வாழ்வில் முதன்முறையாக அந்தக் காலத்திலேயே ஏற்பட்டால், அது குழந்தையின் கண்ணையும் மூளையையும் பாதிக்கக்கூடும்.

ஆனால் அபாயம் எங்கே இருக்கிறது என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். பூனை வழக்கமாகத் தன் முதல் தொற்றின்போது, ஒன்று முதல் மூன்று வாரங்கள் வரைதான் அந்த நுண்ணுருக்களை வெளியேற்றும். வெளியேறிய உடனே அவை தொற்றும் தன்மை பெறுவதில்லை; அதற்கு ஒன்று முதல் ஐந்து நாள்கள் ஆகும். எப்போதும் நக்கித் தன்னைத் தூய்மை செய்துகொள்ளும் பூனையின் மயிரில் அவை அத்தனை நாள் தங்கியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே மருமகள் அதைத் தடவிக் கொடுத்துவிட்டுக் கையைச் சோப்பிட்டுக் கழுவிக்கொள்வதில் அஞ்சுவதற்கு ஏதுமில்லை. ஐரோப்பாவின் ஆறு பெருநகரங்களில் கருவுற்ற பெண்களிடையே நடத்தப்பட்டு 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்றில், தொற்றுகளில் 30 முதல் 63 விழுக்காடு வரை சரியாக வேகாத அல்லது பதப்படுத்திய இறைச்சியாலும், 6 முதல் 17 விழுக்காடு வரை மண்ணைத் தொட்டதாலும் வந்தவை என்று கணக்கிட்டார்கள். பூனையோடு பழகியதை ஒரு காரணமாக அவர்கள் காணவில்லை.

நீங்கள் கவனிக்க வேண்டியது மண்ணைத்தான். ஈரமுள்ள மண்ணில் அந்த நுண்ணுருக்கள் ஓராண்டுக்கு மேலும் உயிரோடு இருக்கக்கூடியவை. இந்தப் பூனையை நீங்கள் விரட்டினாலும், இரவில் மதில் தாண்டி வரும் வேறு பூனைகள் உங்கள் பாத்தியை விட்டுவைக்கப் போவதில்லை. எனவே குழந்தை பிறக்கும்வரை மருமகள் மண்வேலை செய்யாதிருக்கட்டும். நீங்கள் கையுறை அணிந்து வேலை செய்யுங்கள். கொத்தமல்லியையும் மற்றக் கீரைகளையும் ஓடும் நீரில் பலமுறை அலசி, சமைக்காமல் உண்ணும் துவையல், சட்னி போன்றவற்றை மருமகளுக்கு இப்போதைக்குக் கொடுக்காமல் இருப்பது நல்லது. விரதம் முடிந்தபின் இறைச்சி சமைத்தால் நன்றாக வேகட்டும்.

அவருடைய மருத்துவரிடம் டாக்சோபிளாஸ்மாவுக்கான எதிர்ப்புப் பொருள் இரத்தத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். முன்னமே தொற்று வந்து போயிருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. வந்ததே இல்லை என்று தெரிந்தால் மேற்சொன்ன கவனம் கட்டாயம். உங்கள் மகனிடம் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். தந்தையாகப் போகிற பிள்ளையின் பதற்றம் மதிக்கத்தக்கது.

ஃப்ளாக் தோட்டக்காரன்:

அக்கா, முதலில் ஒரு வேண்டுகோள். அந்த நீல உருண்டைகளைத் தோட்டத்தில் போட்டுவிடாதீர்கள். பெட்டியில் மெட்டால்டிஹைடு என்று எழுதியிருந்தால் அது நத்தையோடு நாய், பூனை ஆகியவற்றையும் கொல்லும் நஞ்சு. நத்தையை ஈர்ப்பதற்காகத் தவிடு முதலியவற்றோடு பிசைந்திருப்பதால் பிற விலங்குகளும் அதைத் தின்றுவிடுகின்றன. தின்ற சில மணி நேரத்துக்குள் உடல் நடுங்கி, வலிப்பு வந்து, காய்ச்சல் ஏறிவிடும். எங்கள் வீட்டில் பதினோர் ஆண்டுகள் வளர்ந்த பூனையை இப்படித்தான் இழந்தோம். உருண்டைகளைப் போட்டவன் நான்தான். அது என்னவென்று படித்துப் பார்க்காமல் போட்டேன். அந்த இரவை என் பிள்ளைகள் இன்றும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. உங்கள் பெட்டியைப் பிரிக்காமலே கடையில் திருப்பிக் கொடுங்கள்.

கூர்ப்பாவுக்கு நான் இப்போது செய்வது எளிய வேலை. மாலையில் நீர் பாய்ச்சுவதை நிறுத்திவிட்டுக் காலையில் பாய்ச்சுகிறேன். இரவில் மண் ஈரமாக இல்லாவிட்டால் நத்தை நடமாட்டம் பாதியாகக் குறைகிறது. பாத்தி ஓரத்தில் ஒரு பழைய பலகையைச் சற்று உயர்த்தி வைத்தால் விடிவதற்குள் நத்தைகள் அதன் அடியில் ஒதுங்கிவிடும். கையுறையோடு பொறுக்கி உப்புநீர் வாளியில் போடலாம். வெறுங்கையால் எடுக்க வேண்டாம், ஏனெனில் எலியின் நுரையீரல் புழுவை இந்த நத்தைகள் சுமக்கக்கூடும். கீரையை அலசச் சொன்ன ஐயாவின் அறிவுரைக்கு இது இன்னொரு காரணம். மருந்து போட்டே ஆக வேண்டும் என்றால் இரும்பு பாஸ்பேட்டு கலந்த வகையைக் கேட்டு வாங்குங்கள். அதன் தீங்கு மிகவும் குறைவு.

இனிப் பாத்தி. பூனை உங்கள் விதையின்மேல் பகை கொண்டு தோண்டவில்லை. கொத்திப் பொடியாக்கி, எரு கலந்து, மேலே உலர்ந்திருக்கும் மண் அதற்கு மிகவும் பிடித்த இடம். புரட்டாசி, ஐப்பசியில் மழை குறைந்திருக்கும் நம் நாட்டில் அப்படிப்பட்ட மண் எங்கும் கிடைக்கும். விதைத்தவுடன் கோழிவலைக் கம்பியைப் பாத்தியின்மேல் தட்டையாக விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்துவிடுங்கள். முளை அதன் கண்களின் வழியே மேலே வரும், பூனையின் பாதம் உள்ளே போகாது. நாற்று நட்ட பாத்தியில் எலுமிச்சை முள்கிளைகளைச் செடிகளுக்கு இடையே கிடத்தினாலும் போதும். தடுத்தால் மட்டும் போதாது, வேறிடம் கொடுக்கவும் வேண்டும்: காய்கறியிலிருந்து தள்ளி, மதிலோரமாக மூன்று அடிச் சதுரத்தில் உலர்ந்த மணலைக் கொட்டி வையுங்கள். கையுறை அணிந்து நாள்தோறும் அதைச் சிறு கரண்டியால் எடுத்துச் சுத்தம் செய்தால், ஐயா சொன்ன அந்த ஒன்று முதல் ஐந்து நாள் கணக்குக்கும் அது பொருந்திவரும்.

அந்த மணலோரத்தில் குப்பைமேனி ஒன்று வளர விடுங்கள். நம்மவர் அதற்குப் பூனைவணங்கி என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். இங்குள்ளவர்களும் கிரியோலில் "எர்ப் ஷாத்", அதாவது பூனைப்பூண்டு என்றே சொல்கிறார்கள். கடலின் இரு கரையிலும் ஒரே காரணத்துக்காக ஒரே பொருளில் பெயர் வந்திருக்கிறது. வேரோடு பிடுங்கிப் போட்டால் பூனை அதை முகர்ந்து, தேய்த்து, புரளும். களை என்று நான் பல ஆண்டுகள் எறிந்த செடி அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பூசைக்கு வாங்கிய லில்லியைப் பூனை எட்டாத அறைக்குள் வையுங்கள். உண்மையான லில்லியின் இதழோ இலையோ மகரந்தமோ சிறிதளவு உள்ளே போனாலும் பூனையின் சிறுநீரகம் இரண்டு மூன்று நாள்களில் செயலிழந்துவிடும். அரளியும் நஞ்சுதான், ஆனால் பூனை அதைத் தானாகக் கடிப்பது அரிது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் அந்தூரியம் கடித்தால் வாய் எரியும், உயிருக்கு ஆபத்தில்லை. பெருமாளுக்குத் துளசியே போதுமே, அக்கா.

கொண்டைக்குருவி, கியூர்பிப்:

மற்றவர்கள் பூனையின் பக்கம் நின்று பேசிவிட்டதால், தோட்டத்தின் மற்ற உயிர்களுக்காக நான் பேசுகிறேன். அன்போடு மடியில் படுக்கும் அதே பூனைதான் மதிலோரத்தில் கொண்டைக்குருவியையும் பிடிக்கிறது. நாம் கொண்டே என்று சொல்லும் அந்தக் குருவி வெளிநாட்டிலிருந்து வந்தது, தீவெங்கும் பெருகிக் கிடக்கிறது. அதைப் பற்றி எனக்குப் பெரிய கவலையில்லை. என் கவலை, வாழைமரத்திலும் சுவரிலும் வெயில் காயும் நீலவால் பச்சைப் பல்லியைப் பற்றியது. அது மொரிசியசுக்கே உரிய உயிர். மலைக்காட்டில் ரூசியா என்னும் அரிய கொடியின் மகரந்தத்தைச் சுமப்பதும் விதையைப் பரப்புவதும் அந்தப் பல்லிதான். நம் இளஞ்சிவப்புப் புறா 1990ஆம் ஆண்டையொட்டிக் காட்டில் பத்து அளவுக்குக் குறைந்து போனதில், காடு அழிந்ததோடு எலி, குரங்கு, காட்டுப்பூனை ஆகியவற்றுக்கும் பங்கு உண்டு. வீட்டில் சோறு வைத்துப் பிறகு கைவிடப்பட்ட பூனைகளின் வழித்தோன்றல்தான் காட்டுப்பூனை.

ஆகவே சோறு வைப்பதற்குமுன் அதன் இனப்பெருக்கத்தைப் பற்றி முடிவு செய்யுங்கள் என்பது என் உறுதியான கருத்து. முந்நிறப் பூனை பெரும்பாலும் பெண்ணாகவே இருக்கும்; செம்மஞ்சளுக்கும் கறுப்புக்குமான மரபுக்கூறு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் இரண்டு நிறமும் சேர்ந்து வர இரண்டு எக்ஸ் வேண்டும், அது பெரும்பாலும் பெண்ணுக்கே உண்டு. பெண்பூனை ஐந்து மாத வயதிலேயே சினைப்படலாம். ஏறத்தாழ ஒன்பது வாரத்தில் ஈன்றுவிடும். ஒரு காதின் நுனி நேராக வெட்டப்பட்டிருந்தால் கருத்தடை செய்துவிட்ட அடையாளம். இல்லையேல் விலங்கு மருத்துவரிடம் காட்ட வேண்டியதுதான்.

அதற்கும் முன்பாக அது யாருடையது என்று தெரிய வேண்டும். "இந்தப் பூனை சனிக்கிழமைதோறும் எங்கள் தோட்டத்துக்கு வருகிறது, இது உங்களுடையதா?" என்று கிரியோலிலும் பிரெஞ்சிலும் ஒரு மெல்லிய காகிதப் பட்டையில் எழுதி, தொலைபேசி எண்ணையும் சேர்த்து, இழுத்தால் கிழிந்துவிடும்படி தளர்வாகக் கழுத்தில் ஒட்டி அனுப்புங்கள். வளர்ப்பவர் இருந்தால் பதில் வரும்.

தயிர்ச்சோற்றைப் பற்றி: வேண்டாம், அம்மா. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை. டாரின் என்னும் சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் பூனைக்குக் கிடைக்கிறது; அது இல்லாமற்போனால் கண்பார்வையும் இதயமும் கெடும். வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்புச்சோறு அதற்கு நஞ்சு. விரதம் நாம் மேற்கொண்டது, பூனை மேற்கொண்டதன்று. கடையில் விற்கும் உலர்ந்த பூனை உணவைத் தனித் தட்டில் வெளித் திண்ணையில் வைத்தால் சமையலறையின் தூய்மைக்கு ஒரு குறையும் இல்லை. 2021இல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வில், இறைச்சி மிகுந்த உணவு கொடுத்தபோது பூனைகள் வீட்டுக்குப் பிடித்து வந்த இரை 36 விழுக்காடும், நாள்தோறும் ஐந்து முதல் பத்து நிமிடம் விளையாட்டுக் காட்டியபோது 25 விழுக்காடும் குறைந்தன. ஆகவே நல்ல உணவு வைப்பது என் பல்லிகளுக்கும் நன்மைதான்.

போபாசேன் ஆசிரியை:

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். உங்கள் அனைவருக்கும் என் நன்றி. நத்தைக்கொல்லியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஃப்ளாக் தம்பி எழுதியதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. லில்லிக் கொத்தை அன்றே எடுத்துப் பூசையறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன்.

காகிதப் பட்டையோடு சனிக்கிழமை போன பூனை, திங்கட்கிழமை மாலை அது இல்லாமல் வந்தது. அன்றிரவே தொலைபேசி மணி அடித்தது. இரண்டு தெரு தள்ளித் தனியாக வாழும் ஒரு மூதாட்டியின் பூனை அது. கருத்தடை முன்பே செய்துவிட்டார்களாம். கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இரண்டு மாதங்களாக அவரால் தம் தோட்டத்தில் இறங்கி வேலை செய்ய முடியவில்லை. முன்பெல்லாம் சனிக்கிழமை காலையில் அவர் களை எடுக்கும்போது பூனை உடன் இருக்குமாம். இதைக் கேட்டபோது நான் சற்று நேரம் பேசாமல் நின்றேன். மறுநாள் கொஞ்சம் முருங்கைக்கீரையை எடுத்துக்கொண்டு போய் அவரைப் பார்த்தேன். பூனைக்கு உணவு அவர் வீட்டிலேயே போதிய அளவு கிடைப்பதால் இங்கே எதுவும் வைக்க வேண்டாம் என்று இருவரும் பேசி முடிவு செய்தோம். விளையாட்டு மட்டும் என் பொறுப்பு. பச்சைப் பல்லிகள் வெயில் காயும் வாழைமரத்தின் அடியைச் சுற்றி முள்கிளைகள் வைத்திருக்கிறேன்.

மருமகளின் இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இல்லை என்று முடிவு வந்தது. ஆகையால் அவள் மண்ணைத் தொடுவதில்லை, பச்சைத் துவையல் உண்பதில்லை. மகனே கீரையை மூன்று நீரில் அலசித் தருகிறான். ரோஸ்ஹில் ஐயா எழுதியதை அவனுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். சென்ற சனிக்கிழமை அவள் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது பூனை வந்து முட்டியது. தடவிக் கொடுத்துவிட்டுப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

கொத்தமல்லி பதினோராம் நாள் கோழிவலைக்குள் முளைத்தது. மணல் இடத்தைப் பூனை முதல் வாரம் பொருட்படுத்தவில்லை. காலையில் அதன் ஓரத்தில் பூனைவணங்கியைப் பிடுங்கிப் போட்டபின் அங்கேதான் போகிறது. அடுத்த சனிக்கிழமை அவரைக்கொட்டை விதைக்க வேண்டும், அந்தப் பாத்திக்கு வலை இரண்டு மீட்டர் குறைகிறது. அந்த மூதாட்டி வீட்டில் பழைய வலை ஒரு சுருள் இருக்கிறதாம். அதற்கு மாற்றாக நான் போய் அவருடைய பாத்தியைக் கொத்திக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.